பெர்ரி மேசனின் வக்கீல் உரிமம் என்ன ஆகியிருக்கும்?

அமெரிக்கச் சேனல் எச்.பி.ஓ.வின் 'பெர்ரி மேசன்' என்ற வக்கீல் தொடரை 2023 ஜூனில் இரண்டு சீசனோடு நிறுத்தினார்கள். மொத்தமே 16 எபிசோட். நிறுத்தியதைவிட, எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம். முதல் சீசனில் போட்ட முடிச்சு மூன்றாவதில்தான் அவிழ்ந்திருக்கும். (பார்க்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள், முடிவு வரை சொல்லப்போகிறேன்.)

1932, லாஸ் ஏஞ்சலஸ். மேசன் அப்போது வக்கீலே இல்லை, துப்பறிபவர். மூத்த வக்கீல் ஈ.பி. ஜொனாதன் தற்கொலை செய்துகொள்ள, சொந்தக் குழந்தையின் கொலையில் குற்றம் சாட்டப்பட்ட எமிலி டாட்சனின் வழக்கு அந்தரத்தில் நிற்கிறது. கலிபோர்னியாவில் சட்டக் கல்லூரிக்கே போகாமல் ஒரு வக்கீலிடம் பயின்று தேர்வு எழுதலாம். அந்த வழி இன்றும் உண்டு. மேசன் ஈ.பி.யிடம் பயின்றார் என்று ஈ.பி.யின் செயலாளர் டெல்லா பொய்ச் சான்று தயாரிக்கிறார். தேர்வுக்குத் தயார் செய்பவர் யார்? அரசுத் தரப்பிலேயே இருக்கும் ஹாமில்டன் பர்கர்!

இரண்டாவது சீசனின் முடிவில், கொலைத் துப்பாக்கியை அலுவலகப் பெட்டகத்தில் பூட்டி வைத்ததற்காக மேசனுக்கு 4 மாதம் சிறை. கட்சிக்காரர் வக்கீலிடம் சொல்வது ரகசியம், அதை யாரும் கேட்டு வாங்க முடியாது. ஆனால் துப்பாக்கி பேச்சு இல்லை, பொருள். அதை எடுத்து வந்து பூட்டிய நிமிடமே போலீஸ் கையில் அது சிக்கும் வழியை வக்கீலே அடைத்துவிடுகிறார். ரகசியக் காப்பு அவருக்கு உதவாது.

4 மாதம் பெரிய விஷயமில்லை, அதற்குப் பிறகு வருவதுதான் பெரிது. கலிபோர்னியாவில் 1927-லேயே வக்கீல்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டேட் பார் என்ற அமைப்பு சட்டப்படி அமைந்துவிட்டது. தண்டனை பெற்ற வக்கீலைப் பற்றி அது கேட்கும் கேள்வி, செய்த குற்றம் ஒழுக்கக்கேடானதா என்பது. தடயத்தை ஒளித்ததற்கு வேறென்ன பெயர் வைப்பது? பார் பரிந்துரைத்தால் மாநில உச்ச நீதிமன்றம் வக்கீல் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிடலாம். அந்த விசாரணையில் யாராவது பழைய கோப்பைப் புரட்டி, "ஈ.பி.யிடம் எத்தனை வருஷம் பயின்றீர்கள்?" என்று கேட்டால் போதும். பாதிப்பு மேசனோடு நிற்காது. டெல்லாவே வக்கீலாகும் முனைப்பில் இருக்கிறார், நன்னடத்தைச் சோதனை அவருக்கும் உண்டு. பர்கரோ இப்போது மாவட்டத் தலைமை அரசு வழக்கறிஞர். அவரை மிரட்ட ஏற்கெனவே புகைப்படம் வைத்திருந்தவர்களுக்கு இது இன்னொரு பிடி. ஒரு பொய்ச் சான்றில் மூன்று பேர் தலை. எட்டு எபிசோடுக்கு இது போதாதா? புதிதாக ஒரு கொலைகூட வேண்டாம்.

புது வழக்கு வேண்டுமென்றால் அந்த ஊர் வரலாற்றிலேயே கிடைக்கும். நகர நிர்வாகத்தின் ஊழலைத் தோண்டிக்கொண்டிருந்த ஹாரி ரேமண்ட் என்ற துப்பறிபவரின் காரில் 1938 ஜனவரியில் குண்டு வெடித்தது. ஆள் பிழைத்தார். அந்த வழக்கில் போலீஸ் கேப்டன் ஒருவரே தண்டிக்கப்பட்டார். அதே வருஷம் மேயர் ஃப்ராங்க் ஷாவை மக்கள் வாக்குப் போட்டுப் பதவியிலிருந்து இறக்கினார்கள். தொடரில் போலீஸ் வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்த கறுப்பினத்தவர் பால் டிரேக். அவரை மையமாக வைத்து எழுத இதைவிடப் பொருத்தமான வழக்கு இருக்கிறதா?

தப்பு சேனல் மேல் மட்டும் இல்லை. முதலில் குறுந்தொடர் என்றார்கள், பிறகு நீட்டினார்கள். முதல் சீசன் 2020 ஆகஸ்டில் முடிந்தது, அடுத்தது வந்தது 2023 மார்ச்சில். அதற்குள் கதையை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? மேசன் வக்கீலாகக் கோர்ட்டில் நிற்கவே பாதி சீசன் ஓடிவிடுகிறது. ரேமண்ட் பர் நடித்த பழைய தொடர் 1957 முதல் 1966 வரை 271 எபிசோட் ஓடியது. அதில் ஒரு எபிசோடுக்கு ஒரு வழக்கு, கடைசியில் கோர்ட் காட்சி. அந்தப் பெயரை நம்பி வந்தவர்களிடம் இவ்வளவு பொறுமையை எதிர்பார்த்தது அதிகம்தான்.

இன்னும் ஒரு சீசன் கேட்கவில்லை. இரண்டு மணி நேரப் படமாக அந்த பார் விசாரணையை மட்டும் எடுத்தால்கூடப் போதும். ஒரு அறை, ஒரு மேசை, மேசனாக மேத்யூ ரீஸ், டெல்லாவாக ஜூலியட் ரைலன்ஸ், பர்கராக ஜஸ்டின் கர்க். 1930-களின் தெருக்களைக் கட்டி எழுப்பும் செலவும் மிச்சம்.