எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்?

"வெளிநாடு போறேன், நடுவுல ஒரு நாள் தனியா மலையேறலாம்னு இருக்கேன், எந்தப் பாதை நல்லது?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாதையைச் சொல்வது சுலபம். நான் திருப்பிக் கேட்பதுதான் பலருக்கு எரிச்சல்: எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? திரும்பாவிட்டால் அது யாருக்குத் தெரியும்?

எனக்கு இந்தப் புத்தி வந்தது சுவிட்சர்லாந்தில். அங்கே நடைபாதைகளின் மஞ்சள் பலகையில் கிலோமீட்டர் இருக்காது, நேரம்தான் இருக்கும். '3 மணி 20 நிமிடம்' என்றது பலகை. பன்னிரண்டுக்குக் கிளம்பினேன், மூன்றரைக்கு உச்சி, அப்புறம் கேபிள் காரில் கீழே என்பது திட்டம். அந்த நேரம் நிற்காமல் நடப்பவருக்கானது என்று யார் கண்டார்கள்! தண்ணீர் குடிக்க, போட்டோ எடுக்க, ஷூவுக்குள் புகுந்த கல்லைத் தட்ட, சும்மா மூச்சு வாங்க. மேலே போனபோது ஐந்து பத்து. ஷட்டர் இறங்கியிருந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் கடைசி வண்டி ஐந்து மணி என்று இருந்தது. ஹெட்லேம்ப் விடுதிக் கட்டிலில் கிடந்தது, பகல் நடைதானே என்று. பாதி இறக்கத்தை போன் வெளிச்சத்தில்தான் இறங்கினேன்.

அன்றிலிருந்து கணக்கை நானே போடுகிறேன். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன பழைய கணக்கு: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி. 12 கிலோமீட்டர் நடை, 900 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறத்தாழ நான்கு மணி நேரம். அதுவும் ஓய்வில்லாமல். நான் ஆறு என்று எழுதிக்கொள்வேன். அதிலிருந்து திரும்ப வேண்டிய நேரத்தை முடிவு செய்துவிட்டால், உச்சி கண்ணெதிரே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். விமானத்துக்கு முந்தைய நாளில் மலையை வைக்கவே வைக்காதீர்கள். அன்றைக்கு முடிவெடுப்பது நீங்கள் இல்லை, டிக்கெட்.

டிக்கெட் என்றதும் இன்னொன்று. சில இடங்களில் தனியாகப் போகவே முடியாது. பெருவின் இன்கா பாதைக்கும் கிளிமஞ்சாரோவுக்கும் வழிகாட்டி கட்டாயம். நேபாளமும் 2023 ஏப்ரலில் பல பாதைகளுக்கு அப்படியொரு விதி கொண்டுவந்தது. பணம் கட்டும் முன் பார்த்துவிடுங்கள். பயணக் காப்பீட்டில் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்ற வரியையும் தேடிப் படியுங்கள்; அது எப்போதும் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

சரி, யாருக்குத் தெரியும் என்ற கேள்விக்கு வருகிறேன். 2003-இல் அமெரிக்காவின் யூட்டாவில் ஆரன் ரால்ஸ்டன் என்பவரின் வலது கை பாறை இடுக்கில் சிக்கியது. ஐந்து நாள் கழித்து, தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். எல்லோரும் அவருடைய துணிச்சலைப் பேசுவார்கள். எனக்கு உறுத்துவது வேறு: எங்கே போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நியூசிலாந்தில் மலைக்குடில்களில் ஒரு குறிப்பேடு வைத்திருப்பார்கள். தங்காவிட்டாலும் பெயரையும் அடுத்துப் போகும் இடத்தையும் எழுதிவிட்டுப் போக வேண்டும். ஆனால் அந்த ஏடு தேடத் தொடங்கியவர்களுக்குத்தான் உதவும். தேடத் தொடங்க வைக்க ஒரு ஆள் வேண்டும். விடுதி வரவேற்பில் சொல்லிவிட்டுப் போவதெல்லாம் போதாது, சாயங்காலம் ஷிஃப்ட் மாறிவிடும்.

என் ஆள் அக்கா. பாதையின் பெயர், கிளம்பும் இடம், சட்டை நிறம், இத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அனுப்பிவிடுவேன். நேரத்தை அவள் ஊர்க் கணக்கில் எழுதுவேன். ஐரோப்பாவில் நான் 112-ஐ அழுத்தலாம், வேறு நாட்டிலிருந்து அவள் அழுத்தினால் அங்கே போய்ச் சேராது. அதனால் அந்த ஊர் போலீஸின் முழு எண், நாட்டுக் குறியீட்டோடு.

ஒருமுறை இறங்கி வந்ததும் 'வந்துட்டேன்' என்று அனுப்ப மறந்து தூங்கிவிட்டேன். கெடு தாண்டி ஐந்தாவது நிமிடம் போன் அடித்தது. போலீஸ் நம்பரைப் பாதி அழுத்திவிட்டாளாம். அப்புறம் அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது.