கூலி அட்டையில் ஒரே ஒரு பெயர்

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு உறவினர்கள் அச்சடித்த சுவரொட்டியில் ‘குடும்பம், தொழில், ஊர் மூன்றுக்கும் தன்னை அர்ப்பணித்தவர்’ என்று போட்டிருந்தார்கள். அன்பில் போட்டதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீட்டில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் அந்த ‘மூன்று’ கொஞ்சம் உறுத்துகிறது என்பார்கள். எங்கள் வீட்டில் எல்லாமே ஒரு குழித்தறியை, தரையில் வெட்டிய குழிக்குள் கால் வைத்து நெய்யும் தறியை, சுற்றித்தான் நடந்தன. வேலை முடிந்து வீட்டுக்கு வரும் அப்பாவை நாங்கள் பார்த்ததே இல்லை. அவர் எங்கும் போகவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருந்தால் அது பெரும்பாலும் கோர்வை முறையில் நெய்தது. குறுக்கு இழையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோகும் கருவிதான் நாடா; உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. தறியில் இருப்பவர் தனியாக இதைச் சமாளிக்க முடியாது. மறுபக்கக் கரையின் நாடாவை வாங்கித் திருப்பித் தள்ளப் பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும். எங்கள் தறியில் அந்த ஆள் பெரும்பாலும் அம்மா. அம்மா சமையலில் இருந்தால் அக்கா. விடுமுறை நாள்களில் நான். நாடாவுக்குள் வைக்கும் நூல்சுருளான தாரைச் சுற்றுவது பாட்டியின் வேலை. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைத்தொகுதிதான் பாவு; பழைய பாவு முடிந்து புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்கும்போது வீடே தலை குனிந்து உட்கார்ந்திருக்கும். இத்தனை பேர் கையும் பட்ட சேலைக்குக் கூலி அட்டையில் இருந்த பெயர் ஒன்றுதான், அப்பாவின் பெயர்.

ஊர்த்தொண்டு என்று சுவரொட்டி சொல்வதும் இதோடு சேர்ந்ததுதான். விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். அறுந்த இழைகளைத் தேடி முடிச்சுப் போட அக்கம்பக்கத்து வீட்டார் எல்லோரும் வருவார்கள். இன்று அவர் பாவு, நாளை நம் பாவு. எதிர் வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லாத மாதங்களிலும் அவருடைய பாவுக்கு அப்பா போய் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பெருந்தன்மை என்று சொன்னால் அப்பாவே சிரித்திருப்பார். மழைக்காலம்தான் உண்மையான சோதனை. ஐப்பசி, கார்த்திகையில் குழிக்குள் தண்ணீர் ஊறும், பட்டு இழை ஈரம் இழுக்கும், தறி நிற்கும். அப்போது தெருக்காரர்களின் நிவாரண மனுக்கள் எல்லாம் அப்பாவின் கையெழுத்தில்தான் போகும். அவர் படித்தது எட்டாம் வகுப்பு வரை. எழுத்து மட்டும் அச்சுக் கோத்ததுபோல இருக்கும்.

அண்ணாவை அவர் சொந்தக்காரர் மாதிரி பேசுவார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். கைத்தறித் துணி தேங்கிக் கிடந்த 1953-இல் அண்ணாவும் தோழர்களும் துணியைச் சுமந்து தெருவில் விற்றதை நேரில் பார்த்தவர்போல வர்ணிப்பார். அவர் பிறந்ததே அதற்குப் பின்னால்தான்.

அவரைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டார் சேர்ந்து செய்யும் தொழிலுக்கு அதில் விலக்கு இருந்தது. அந்த விலக்கில்தான் நானும் அக்காவும் தறியோரம் உட்கார்ந்தோம். பள்ளிக்கு நேரமானால் பாதி வரிசையில் நிறுத்திவிட்டு ‘எழுந்து போ’ என்பார், அது உண்மை. சாயங்காலம் திரும்பியதும் அந்த மீதி வரிசை எங்களுக்காகக் காத்திருக்கும், அதுவும் உண்மை. அக்காவின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றதற்கும் என்னுடையது நிற்காததற்கும் காரணம் மதிப்பெண் அல்ல. இதை அவரிடமே ஒருமுறை கேட்டேன். ‘தறிக்கு ஆள் வேண்டியிருந்தது’ என்றார். வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் அந்த ஆளுக்கும் கூலி உண்டு என்று வெளியே எழுந்து பேசியவரும் அவர்தான். கூட்டுறவுச் சங்கத்தின் பேரவைக் கூட்டங்களில் ‘கூலி நிர்ணயிக்கும்போது தறியில் இருக்கிறவனை மட்டும் எண்ணாதீர்கள், பக்கத்தில் இருப்பவரையும் எண்ணுங்கள்’ என்பார். ‘வீட்டு ஆளுக்கு எதற்கய்யா கூலி’ என்று யாராவது கேட்பார்கள், கூட்டம் சிரிக்கும். அடுத்த கூட்டத்திலும் அதையே சொல்வார். அந்தச் சங்கம் அவருடைய கேள்வியைக் கடைசிவரை தீர்மானமாக்கவில்லை. என்னைக் கேட்டால், அப்பா செய்தவற்றில் பெரியது இதுதான். மனு எழுதியதும் பாவுக்குப் போனதும் தெருவில் எல்லோரும் செய்ததே. தன் பெயரில் வந்த பணம் முழுவதும் தன் உழைப்பு அல்ல என்று ஒரு குடும்பத் தலைவர் நாலு பேர் முன்னால் சொல்வது அந்தத் தெருவில் புதிது.

ஒவ்வோர் ஆகஸ்ட் 7 அன்றும், கைத்தறி நாளில், சேலைப் படம் போட்டு ‘பாரம்பரியம் காப்போம்’ என்று எழுதும் நண்பர்களிடம் எனக்குக் கோபமில்லை, சலிப்புதான். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். அஸ்ஸாம் முதலான வடகிழக்கு மாநிலங்களின் பங்கு அதில் பெரிது என்பது தெரியும். இருந்தாலும் ‘நெசவாளர்’ என்றதும் நம் நினைவில் தறியில் அமர்ந்த ஓர் ஆண்தானே வருகிறார்?

அந்தக் கணக்கெடுப்புக்கு எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். வந்த இளைஞர் அம்மாவுக்கு நேரே ‘இல்லத்தரசி’ என்று குறிக்கப் போனார். அப்பா விடவில்லை. தறி, நாடா, தார் என்று பாடமே நடத்தி, அம்மாவையும் தொழிலாளராக எழுத வைத்துவிட்டுத்தான் அவருக்குக் காபி கொடுக்கச் சொன்னார். காபியோடு வந்த அம்மா கேட்டார்: ‘எழுதிவிட்டீர்கள் சரி, பழைய பாக்கியையும் சேர்த்துத் தருவார்களா?’