பாலர் வகுப்புக்கு அரசு காசே தராதா?

"தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்புக்கு அரசாங்கம் ஒரு காசும் தராது, எல்லாம் பெற்றோர் தலையில்தான்" என்று மலேசியாவின் பினாங்குப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. 1996 கல்விச் சட்டத்திலேயே பாலர் கல்வி தேசியக் கல்வி முறைக்குள் வந்துவிட்டது. கல்வி அமைச்சின் பாலர் வகுப்பு உள்ள தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியருக்கும், பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட்டு மீகூன் (அரிசிச் சேமியா) தட்டை எடுத்துவைக்கும் உதவியாளருக்கும் சம்பளம் அரசாங்கத்துடையது. அந்த மீகூனும்தான்!

சிக்கல் வேறு. ஒரு வகுப்புக்கு 25 பிள்ளைகள்தான். இடம் கிடைக்காதவர்களும், அமைச்சின் வகுப்பே இல்லாத பள்ளிப் பக்கம் குடியிருப்பவர்களும் தனியாருக்கு மாதக் கட்டணம் கட்டுகிறார்கள். புரளி அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். சரி, கோபம் நியாயமே. ஆனால் அரசாங்கத்துக்குக் கொடுக்கும் மனுவில் "தருவதே இல்லை" என்று எழுதினால் ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள். "எங்கள் பள்ளிக்குக் கூடுதல் வகுப்பு, அதற்கு நிதி" என்று கேளுங்கள்.