அழகன்குளத்து ஓடுகள் 'முதல் மொழி'க்குச் சான்றா?

"அழகன்குளத்துப் பானை ஓடுகள் மனிதனின் முதல் மொழி தமிழ்தான் என்று நிரூபித்துவிட்டன" என்று ராமநாதபுரம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே உள்ள இந்த ஊரில் தமிழகத் தொல்லியல் துறை 1986 முதல் பலமுறை தோண்டியது. ரோமானியக் காசுகள், கப்பல் உருவம் கீறிய ஓடு, அப்புறம் தமிழ்ப் பிராமி, அதாவது தமிழை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்து, உள்ள ஓடுகள். உடைந்த ஓட்டில் கூர்முனையால் கீறிய சில எழுத்துகள், ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமை. கடல் வணிகம் செய்த ஊரில் எழுத்தும் புழங்கியிருக்கிறது. நாம் பெருமைப்பட இதுவே ஏராளம்.

ஆனால் ஓடு காட்டுவது எழுத்தின் வயதை, பேச்சின் வயதை அல்ல. உலகின் மிகப் பழைய எழுத்துக்கே சுமார் 5,000 வயதுதான். மனிதர் பேசத் தொடங்கியது அதற்குப் பல பத்தாயிரம் ஆண்டுகள் முன்பு. பேச்சு மண்ணில் தடம் விடுவதில்லை. வெறும் ஊகங்கள் பெருகியதால் 1866இல் பாரிஸ் மொழியியல் சங்கம் மொழித் தோற்றம் பற்றிய கட்டுரைகளையே ஏற்க மறுத்தது. தமிழோ வேறெந்த மொழியோ, முதல் மொழி என்பதற்கு இன்றுவரை சான்று இல்லை.