பதிமூன்றில் இரண்டுதான் சொந்தப் பாட்டு

ரங்கோனில் ஒரு பாடகரை மட்டம் தட்ட நினைப்பவர்கள் அதிகம் மெனக்கெட வேண்டாம். "எல்லாம் காப்பிப் பாட்டுதானே" என்றால் முடிந்தது. கோயில் திருவிழா மேடையில் பாடும் நம் பிள்ளைகளையும் நம் ஆட்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். இவர்களை உட்காரவைத்து அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் முதல் ஆல்பத்தைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

2016இல் இலக்கியத்துக்கு நோபல் வாங்கிய அதே டிலன்தான். கொடுத்ததே அவர் எழுதிய பாட்டுகளுக்காக. ஆனால் 1962 மார்ச்சில் கொலம்பியா கம்பெனி வெளியிட்ட அந்த முதல் ஆல்பத்தில் இருக்கும் 13 பாட்டில் அவர் எழுதியவை இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் அடுத்தவர் பாடியது: பழைய நாட்டுப்பாடல், அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ், தேவாலயப் பாட்டு. பதிவு செய்தபோது அவருக்கு வயது 20. கையில் ஒரு கிடார், கழுத்தில் மாட்டிய ஒரு மவுத் ஆர்கன், அவ்வளவுதான். அந்த வயதில் சாவுப் பாட்டாகத் தேடித் தேடிப் பாடியிருக்கிறார். தன் கல்லறையைச் சுத்தமாக வைத்திருக்கச் சொல்லி புளூஸ் பாடகர் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் 1920களில் பாடியதை, மீசை கூடச் சரியாக முளைக்காத பையன் பாடினால் சிரிப்புதான் வர வேண்டும். எனக்கு வரவில்லை. கிழவன் மாதிரி குரலை மாற்றிக்கொள்வது அப்பட்டமாகத் தெரிகிறது. ஆனாலும் அந்தப் பாட்டுகள் மேல் அவருக்கு இருக்கும் வெறி பொய்யில்லை.

ஆல்பம் விற்கவில்லை. அவரைக் கூட்டிவந்த ஜான் ஹேமண்டைக் கம்பெனிக்குள்ளேயே கிண்டல் செய்தார்கள். அது கிடக்கட்டும்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. ஒரு பாட்டின் தொடக்கத்தில் கிடாரை மெதுவாகத் தட்டிக்கொண்டே பேச ஆரம்பிக்கிறார். இதை எரிக் வான் ஷ்மிட் என்பவரிடம்தான் முதலில் கேட்டேன், அவரை இன்ன இடத்தில் சந்தித்தேன் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு அப்புறம்தான் பாடவே செய்கிறார். அந்தப் பேச்சையும் வெட்டாமல் அப்படியே ரிக்கார்டில் விட்டிருக்கிறார்கள்.

அதற்காக ஆளைப் புனிதராக்க வேண்டாம். 'ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்' பாட்டை அவருடைய நண்பரான பாடகர் டேவ் வான் ரோங்க் தனக்கென்று ஒரு விதமாக மெருகேற்றி வைத்திருந்தார். தானே பதிவு செய்ய நினைத்திருந்தார். டிலன் முந்திக்கொண்டு பதிவு செய்துவிட்டு, அப்புறம் போய்ப் "பாடிக்கொள்ளட்டுமா" என்று கேட்டாராம். ஆல்பத்தின் அட்டைக்குறிப்பில் வான் ரோங்க் பெயர் இருக்கிறது, உண்மைதான். ஆனாலும் நண்பரிடம் செய்கிற காரியமா இது?

இன்னொரு வேடிக்கை. அந்த இரண்டு சொந்தப் பாட்டில் ஒன்று, தன் ஆதர்சமான நாட்டுப்பாடகர் வுடி கத்ரிக்கு அவர் எழுதியது. சொல் டிலனுடையது, மெட்டு கத்ரியுடைய பழைய பாட்டின் மெட்டு. அடுத்தவர் மெட்டில் புதுச் சொல்! நம்மூரில் இதைத்தானே 'காப்பி தச்சின்' (காப்பிப் பாட்டு) என்று சொல்லித் திட்டுகிறோம்? இங்கிலீஷ் மெட்டில் பர்மியச் சொல்லை உட்காரவைத்த பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம். பர்மியப் பாடகர் சாய் தீ சைங் போல 'ஓன் டியூன்', அதாவது சொந்த மெட்டு, பாடியவர்களையும் கேட்டோம். இரண்டிலும் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு. என் கோபம் காப்பி மேல் இல்லை. மூலப் பாட்டை எழுதியவர் பெயரே இல்லாமல் எத்தனை கேசட் அட்டைகள் வந்தன! 1914ஆம் வருடத்து வெள்ளைக்காரன் காலப் பதிப்புரிமைச் சட்டத்தை வைத்துக்கொண்டு, 2019இல்தான் புதுச் சட்டம் போட்ட நாட்டில் யார் கேட்பது என்ற துணிச்சல்தான்.

எங்கள் அப்பாயி பெகு பக்கம் வயலில் நடவு நட்டவர். அவர் பாடிய நடவுப் பாட்டில் காவேரி வர வேண்டிய இடத்தில் சித்தாங் ஆறு வரும். யார் மாற்றினார்கள் என்று கேட்டால், "சேர்ந்து நட்ட பொம்பளைங்கதான்" என்பார். அதுவும் அடுத்தவர் பாட்டைத் தன் விதமாகப் பாடும் 'கவர்' பாட்டுதான். அதை எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

பெயர் தெரியாத பாட்டுக்குச் சரி, என்ன செய்வது. தெரிந்த பாட்டுக்கு? போன தைப்பூசத்தில் ஒரு பெண் காவடிச்சிந்து பாடினாள். பிரமாதமாகப் பாடினாள். மைக் பிடித்தவர் "அடுத்ததாக ஒரு நாட்டுப்புறப் பாடல்" என்று அறிவித்துவிட்டுப் போய்விட்டார். அது சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் எழுதியது ஐயா. முப்பது வயதைக்கூடத் தொடாமல் 1891இல் போய்ச் சேர்ந்த மனிதர். அந்தப் பெண் இன்னும் பத்து மேடையில் அதே பாட்டைப் பாடட்டும், எனக்குச் சந்தோஷமே. அடுத்த தைப்பூசத்துக்கு அறிவிப்பு எழுதித் தருபவர்கள், பாட்டு வரிசையில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் எழுதியவர் பெயரையும் போட்டுத் தாருங்கள். தெரியாவிட்டால் யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று பாடுகிற பிள்ளையிடமே கேட்டு, அதைப் போடுங்கள்.