"அதான் கேக்குதே"ன்னு சொன்னா கோவம் வராதா?

நாலு நாளா உள்ளுக்குள்ள கொதிச்சுக்கிட்டே இருக்கு, இன்னிக்கு கொட்டிடுறேன். வீடியோ எடிட்டிங்தான் எனக்கு பொழப்பு. போன வாரம் 42 நிமிஷ அறிவியல் பாடம் ஒண்ணுக்கு தமிழ்ல கேப்ஷன் போட்டேன், அதாவது பேச்சையும் சத்தத்தையும் திரைக்குக் கீழ எழுத்தா காட்டுறது. காது கேக்காத பசங்களும் பாக்கணும்னு வீடியோ எடுத்தவங்களே கேட்டுத்தான் கொடுத்த வேலை. பாடமே ஒலியப் பத்தி. கண்ணாடி ஜாடிக்குள்ள எலெக்ட்ரிக் மணி அடிக்குது, பம்பு வச்சு காத்த உறிஞ்ச உறிஞ்ச சத்தம் தேஞ்சுக்கிட்டே போகுது, காத்து இல்லாட்டி சத்தம் பரவாதுங்கறதுதான் விஷயம். அந்த எடத்துல டீச்சர் வாயே தொறக்கல. நான் [மணிச் சத்தம்], அப்புறம் [மணிச் சத்தம் குறைகிறது], அப்புறம் [சத்தம் ஏறக்குறைய நின்றுவிட்டது]ன்னு வரிசையா எழுதி வச்சிருந்தேன்.

செக் பண்ணவர் அந்த மூணு வரியையும் அழிச்சிட்டாருங்க. ஏன் சார்னு கேட்டா "அதான் கேக்குதே, எதுக்கு எழுதணும்"ங்கறார். யாருக்குக் கேக்குது? யாருக்காக இந்த வேலையே நடக்குது? அந்தப் புள்ள கண்ணுக்கு மணி மொதல்ல எப்படி ஆடுச்சோ கடைசி வரைக்கும் அப்படியேதான் ஆடிக்கிட்டு இருக்கும், மூணு வரி போச்சுன்னா அந்தச் சோதனையே அதுக்கு இல்ல.

அதோட விட்டாரா? கேப்ஷன் வரியும் அது வர்ற நேரமும் இருக்கற எஸ்ஆர்டி ஃபைல ஏதோ பழைய கம்ப்யூட்டர்ல நோட்பேட்ல தொறந்து, தமிழ் எழுத்துக்கு எடமே இல்லாத ஆன்சிங்கற பழைய முறையில சேவ் பண்ணி அனுப்பிட்டார், தமிழ் எழுத்து ஒண்ணு விடாம கேள்விக்குறி, 600 வரிக்கு மேல வெறும் கேள்விக்குறி. தமிழும் தாங்குற யூடிஎஃப்-8 முறையில சேவ் பண்ணுங்கன்னு மெயில்ல தனியா எழுதியே கொடுத்திருந்தேன், யாரு படிக்கிறா. சரின்னு என்கிட்ட இருந்த காப்பிய எடுத்தா, நேத்து ராத்திரி ஆரம்பத்துல 11 செகண்ட் லோகோ அனிமேஷன் சேத்துட்டோம்னு ஒரு மெசேஜ். கேப்ஷன் நேரத்த ஒரே அளவா தள்ளுறதுன்னா அஞ்சு நிமிஷ வேலைதான், ஒத்துக்கறேன், ஆனா நடுவுலயும் அங்கங்க வெட்டியிருக்காங்க, அதச் சொல்லவே இல்ல. டீச்சர் "அதிர்வெண்"னு சொல்லும்போது கீழ "பசங்களா உக்காருங்க"ன்னு ஓடுது. எடிட் லாக் ஆகி, இனி வெட்டு ஒட்டு கெடையாதுன்னு ஆனதுக்கு அப்புறம்தான் கேப்ஷன்னு எத்தன தடவ சொல்றது?

சாஃப்ட்வேர்காரங்க மேலயும் எனக்கு கோவம் இருக்கு. ஒரு வரிக்கு இத்தன எழுத்துன்னு லிமிட் வக்கிறாங்க, "தமிழ்"ங்கறது நமக்கு மூணு எழுத்து, சாஃப்ட்வேருக்கு அஞ்சு, புள்ளியையும் கொக்கியையும் தனித்தனியா எண்ணுது. அதனால பாதி வரியிலயே செவப்பு கோடு போட்டு கத்துது. கேப்ஷன வீடியோ படத்துலயே பதிச்சு எக்ஸ்போர்ட் பண்ணலாம்னு பாத்தா சில எடத்துல ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னாடி வராம பின்னாடி போய் நிக்குது, "கொ" ரெண்டா பிளந்து நடுவுல புள்ளி வட்டம். எஸ்ஆர்டில மில்லிசெகண்டுக்கு முன்னாடி கமா, வெப்விடிடிங்கற இன்னொரு கேப்ஷன் ஃபைல் வகையில புள்ளி, அத மாத்தாம வெறும் பேர மட்டும் மாத்தி அப்லோட் பண்ணா ஃபைல் செல்லாதுன்னு வருது, எந்த வரியில தப்புன்னு மட்டும் வாயத் தொறக்காது. இதையெல்லாம் தாண்டி எம்பி4 வீடியோ ஃபைல் உள்ளயே, படத்தோட ஒட்டாம தனி டிராக்கா கேப்ஷன வச்சுக் கொடுத்தா, அத எடுத்து மெசேஜ் ஆப்ல ஃபார்வர்ட் பண்றாங்க, அது வீடியோவ அமுக்கி சின்னதாக்கும்போது கேப்ஷன் டிராக்க தூக்கிப் போட்டுருது. அப்புறம் எனக்கு போன், "நீங்க கேப்ஷனே போடலையே"ன்னு.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பிரிவு 42, மின்னணு ஊடகத்துல கேப்ஷன் வேணும்னு தெளிவா இருக்கு. சட்டம் வந்து இத்தன வருஷம் ஆகியும் பட்ஜெட்ல கேப்ஷனுக்குன்னு ஒரு வரி கெடையாது, ட்ரோன் ஷாட்டுக்கு இருக்கு, லோகோ அனிமேஷனுக்கு இருக்கு, இதுக்கு மட்டும் "அப்படியே சேத்து போட்டுக் கொடுத்துருங்க பாஸ்".

நேத்து ராத்திரி உக்காந்து மொத்தத்தையும் மறுபடி டைமிங் பாத்து அனுப்பியாச்சு. அந்த மூணு வரியையும் திரும்ப வச்சிருக்கேன். அதுல கை வச்சீங்கன்னா கிரெடிட்ல என் பேர எடுத்துருங்கன்னு மெயில்லயே எழுதிட்டேன், இன்னும் பதில் வரல.