சிந்தியாவிடம் என்ன இருக்கிறது என்று கேட்டவருக்கு

சென்ற ஞாயிறு 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' படத்தின் திரையிடலுக்குப் பின் நடந்ததை இங்கு பலரும் அறிவீர்கள். "படிப்பறிவில்லாத ஒரு பெண் அழுவதை இரண்டரை மணி நேரம் எதற்குப் பார்க்க வேண்டும்?" என்று நண்பர் ஒருவர் கேட்ட அந்தக் கேள்வியை என்னால் கடந்துபோக முடியவில்லை.

மைக் லீ 1996இல் எடுத்த 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' படத்தின் சிந்தியா, லண்டனில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலைத் தொழிலாளி. பிறந்ததும் முகம்கூடப் பாராமல் அவள் தத்துக்கொடுத்த மகள் ஹார்டென்ஸ், வளர்ப்புத் தாய் இறந்தபின் தேடி வருகிறாள். மகள் கறுப்பினப் பெண், கண் பரிசோதனை நிபுணர். தேநீர்க் கடையில் இருவரும் அருகருகே அமர்ந்திருக்க, கேமரா பல நிமிடங்கள் அசைவதே இல்லை. நான் உன் தாயாக இருக்கவே முடியாது என்று சாதிக்கும் சிந்தியாவுக்குச் சட்டென்று ஏதோ நினைவு வருகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உடைந்து அழுகிறாள். அது என்ன நினைவு என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகும் ஒருவருக்குப் படிப்பறிவைப் பற்றிப் பேச மனம் வருமா? சிந்தியாவாக நடித்த பிரெண்டா பிளெதினுக்குக் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. ஆனால் விருதைக் காட்டித்தான் சிந்தியாவின் மதிப்பை நிறுவ வேண்டும் என்றால் அதைவிட அவமானம் இல்லை.

என் அம்மா சாத்தூரில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர். பெட்டி ஒட்டி ஒட்டி, பசை காய்ந்து விரல்நுனித் தோல் உரிந்திருக்கும். குழம்புச் சோறு பிசையும்போது எரியும், சொல்லமாட்டார். கல்யாண வீடுகளில் அம்மாவின் வேலையை யாராவது விசாரித்தால், பட்டதாரியான சித்தப்பா முந்திக்கொண்டு "மதினி வீட்டில்தான் இருக்கிறார்" என்பார். ஹார்டென்ஸைத் தன்னுடன் வேலை பார்ப்பவள் என்று சிந்தியா விருந்தில் அறிமுகப்படுத்தும் காட்சியில் எனக்கு அம்மாவின் குனிந்த தலைதான் தெரிந்தது.

சிந்தியா அதிகமாக அழுகிறாள் என்பீர்கள். அழுகிறாள்தான், சில இடங்களில் எனக்கும் அது மிகையாகப் பட்டது. பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டவள் என்பீர்கள். ஆதரவற்ற அந்தச் சின்ன வயதில் அவள் வேறென்ன செய்திருக்க முடியும் என்று யோசிக்காதவர்களுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

சிந்தியாவின் தம்பி மாரிஸுக்குச் சொந்தமாகப் புகைப்பட நிலையம், அழகான வீடு. அவர் மனைவி மோனிகாவுக்குப் பிள்ளைப்பேறு இல்லை என்பதை அந்த வீட்டில் ஆண்டுக்கணக்கில் மூடிவைத்திருக்கிறார்கள். பிறந்தநாள் விருந்தில் ஹார்டென்ஸ் தன் மகள் என்ற உண்மையைச் சிந்தியா போட்டு உடைத்த பிறகுதான் மாரிஸும் வாய் திறக்கிறார். வசதியுள்ளவர்களுக்கு வராத துணிச்சல் அட்டைப்பெட்டி செய்யும் பெண்ணுக்கு வந்தது. இதைக் காணாதவர் அந்தப் படத்தையே பார்க்கவில்லை என்பேன். இதனால் நட்பு முறிந்தாலும் சரி.